தேசிய சாம்பியன்ஷிப்பில் ஓர் இடம்: மேஜிக் ஆட்டக்காரர்களுக்கு ஒரு கணக்கு

கேள்வி இது: "சென்னையில் நண்பர்களோடு நாலு வருஷமாக மேஜிக் (Magic: The Gathering) கார்டு ஆட்டம் ஆடுகிறேன். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறேன். அங்கே தேசிய சாம்பியன்ஷிப்புக்கு எப்படித் தகுதி பெறுவது? நல்ல டெக் இருந்தால் போதுமா?"

டெக், அதாவது ஆடக் கொண்டுபோகும் கார்டுக் கட்டு, மட்டும் போதாது. அதற்குக் காரணம் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். 'யு.எஸ். நேஷனல்ஸ்' என்ற பெயரில் நீங்கள் பழைய வீடியோக்களில் பார்த்த அந்தப் போட்டி இப்போது இல்லை. 2011-இல் நிறுத்தினார்கள், 2017-இலும் 2018-இலும் திரும்பக் கொண்டுவந்தார்கள், பிறகு மறுபடி விட்டுவிட்டார்கள். 2022 முதல் அந்த இடத்தில் இருப்பது 'ரீஜனல் சாம்பியன்ஷிப்'. பெயர்தான் ரீஜனல். அமெரிக்கா தனிப் பிராந்தியம், கனடா தனிப் பிராந்தியம் என்று பிரித்திருப்பதால் காரியத்தில் அது தேசியப் போட்டிதான். உங்கள் ஊர்க் கார்டுக் கடையில் நடக்கும் தகுதிப் போட்டியில் ஜெயித்தால் ரீஜனலுக்கு அழைப்பு. ரீஜனலில் மேலே முடித்தால் புரோ டூர், அதாவது முன்னணி ஆட்டக்காரர்களுக்கான சர்வதேசப் போட்டித் தொடர். அங்கிருந்து உலக சாம்பியன்ஷிப். ஏணி இவ்வளவுதான்.

ஏணியைத் தெரிந்துகொள்வது சுலபம். அதில் எந்தப் படியில் எத்தனை இடம், அந்த இடத்துக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் குறைவு. தகுதி பெறுவது ஒரு வேலை, போட்டியில் ஜெயிப்பது வேறொரு வேலை. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு எட்டுப் பேர் உள்ளே போகும் போட்டியில் ஆண்டுக்கணக்கில் ஒன்பதாம் இடத்தில் முடிக்கிற நல்ல ஆட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடங்களைப் பங்கிடும் விதம் மாறினால் ஆட்டக்காரர்களின் நடத்தையே மாறிவிடும் என்பது அதில்தான் தெரிகிறது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த இந்த ஆட்டம் 1993-இல் வந்தது. அடுத்த ஆண்டே மில்வாக்கியில் முதல் உலக சாம்பியன்ஷிப். நேஷனல்ஸ் சூடு பிடித்தபோது அதற்குள் நுழையப் பல வாசல்கள் இருந்தன. நாடு முழுக்கப் பல நகரங்களில் 'ரீஜனல்ஸ்' (இன்றைய ரீஜனல் சாம்பியன்ஷிப் வேறு) நடக்கும், யார் வேண்டுமானாலும் ஆடலாம், முன்னணியில் முடித்த சிலருக்கு இடம். ரேட்டிங் பட்டியலில் உச்சியில் இருப்பவர்களுக்குத் தனியாக இடம். புரோ டூரில் ஆடும் பெரிய தலைகளுக்கு நேரடி அழைப்பு. இவை எதுவும் கிடைக்காதவர்களுக்கு நேஷனல்ஸுக்கு முந்தைய நாள் அதே அரங்கில் 'கிரைண்டர்' என்று ஒரு கடைசி வாய்ப்பு. தோற்றால் வெளியே, அவ்வளவுதான். ராத்திரி வரை அதில் அரைபட்டு, மறுநாள் காலை தூக்கக் கண்ணோடு நேஷனல்ஸ் மேசையில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

அந்த மேசைக்கு மதிப்பு இருந்தது. நேஷனல்ஸில் மேலே வந்தவர்கள்தான் நாட்டின் அணி. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க நேஷனல்ஸை ஜான் ஃபிங்கல் 'நாப்ஸ்டர்' என்று பெயர் பெற்ற முழுக் கறுப்பு டெக்கை வைத்து ஜெயித்தார். அவரோடு கிறிஸ் பெனஃபெல், ஃபிராங்க் ஹெர்னாண்டஸ், ஆரன் ஃபோர்சைத் சேர்ந்து நால்வர் அணி. பிரஸ்ஸல்ஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அணிப் பட்டமும் அவர்களுக்கே, தனிநபர் பட்டமும் இறுதியில் பாப் மேயரை வென்ற ஃபிங்கலுக்கே. ஃபோர்சைத் பிறகு மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனத்துக்கே வேலைக்குப் போய் மேஜிக் வடிவமைப்புப் பிரிவின் தலைவரானார். சின்ன நாடுகளுக்கு நேஷனல்ஸ் அதைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. புரோ டூர் பக்கமே போக வசதியில்லாத ஆட்டக்காரனுக்கு உலகப் போட்டிக்குப் போகும் ஒரே நிச்சயமான வழியாக அது இருந்தது. அதை நிறுத்தியது அமெரிக்கர்களைவிட அந்த ஊர்க்காரர்களைத்தான் அதிகம் பாதித்தது என்பது என் கருத்து.

இப்போது ரேட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். சதுரங்கத்தில் இருக்கும் அதே ஈலோ முறை. எல்லாரும் 1600-இல் தொடங்குவார்கள். உங்கள் ரேட்டிங் 2000, எதிரே இருப்பவர் 1600 என்று வையுங்கள். பதினோரு ஆட்டத்தில் பத்தை நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று கணக்கு எதிர்பார்க்கிறது. ஓர் ஆட்டத்தின் எடை 16 புள்ளி என்றால், ஜெயித்தால் உங்களுக்குச் சுமார் ஒன்றரைப் புள்ளி கிடைக்கும், தோற்றால் பதினான்கரை போகும். ஒரு தோல்வியை ஈடுகட்டப் பத்து வெற்றி. இதைப் பார்த்த புத்திசாலி என்ன செய்வான்? ஆடமாட்டான். நேஷனல்ஸ் அழைப்புக்குத் தேவையான ரேட்டிங் வந்ததும் கார்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்ப்பான். கார்டு விற்கிற நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய தலைவலி ஏது? 2011 செப்டம்பரில் ரேட்டிங்கைத் தூக்கிவிட்டு 'பிளேன்ஸ்வாக்கர் பாயின்ட்ஸ்' கொண்டுவந்தார்கள். அதில் புள்ளி ஏறுமே தவிர இறங்காது. உடனே நேர்மாறான வியாதி வந்தது. திறமையைவிட, வாரம் தவறாமல் கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவனுக்குப் புள்ளி குவிந்தது. வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் நேஷனல்ஸையும் நிறுத்தி, 2012 முதல் 'வேர்ல்ட் மேஜிக் கப்' என்று அணிப் போட்டி தொடங்கினார்கள். இண்டியானாபோலிஸில் நடந்த முதல் கோப்பையைத் தைவான் அணி தட்டிச் சென்றது.

இன்றைய முறையில் ரேட்டிங்கும் இல்லை, சேமிப்புப் புள்ளியும் இல்லை. அன்றைக்கு அந்தக் கடையில் ஜெயித்தால் அழைப்பு, இல்லையென்றால் அடுத்த வாரம் பார்க்கலாம். இதிலும் நடத்தையை வளைக்கிற ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

நீங்கள் நல்ல ஆட்டக்காரர், எந்த எதிராளியையும் நூற்றுக்கு அறுபது முறை ஜெயிப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையிலேயே பெரிய எண், இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு பங்கு உண்டு. 64 பேர் வந்த தகுதிப் போட்டி. ஆறு ரவுண்டு ஸ்விஸ் முறை (தோற்றாலும் வெளியேறாமல், ஏறக்குறைய அதே புள்ளி உள்ளவரோடு அடுத்த ரவுண்டு ஆடுவது), பிறகு முதல் எட்டுப் பேர் நாக்-அவுட், முதலிடத்துக்கு மட்டும் அழைப்பு. ஆறில் ஒன்றுக்கு மேல் தோற்காமல் இருக்க உங்கள் வாய்ப்பு கிட்டத்தட்ட 23 சதவீதம். அதற்குப் பிறகு மூன்று நாக்-அவுட் ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க 21 சதவீதம் சொச்சம். பெருக்கினால் இருபதுக்கு ஒன்று. இதே நீங்கள், இதே டெக், ஆனால் 16 பேர் மட்டும் வந்த கடை. நாலு ரவுண்டு, பாதிப் பேர் நாக்-அவுட்டுக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். இப்போது வாய்ப்பு சுமார் ஏழுக்கு ஒன்று. டெக்கில் எத்தனை மாதம் இழைத்தாலும் இவ்வளவு பெரிய முன்னேற்றம் கிடைக்காது. பெருநகரத்தின் பிரபலமான கடையை விட்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்டி ஒரு சின்ன ஊர்க் கடைக்குப் போனால் கிடைக்கும். பல்கலைக்கழக நகரத்தில் இருக்கப் போகிறீர்கள், கார் வைத்திருக்கிற ஆட்டக்கார நண்பனைப் பிடித்துவையுங்கள். ஒரு காரில் நாலு பேர் என்றால் பெட்ரோல் செலவும் பங்காகும், வழியெல்லாம் டெக்கைப் பற்றிப் பேசிக்கொண்டும் போகலாம்.

ஆனால் பெரிய கூட்டத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட அழைப்புகள் தரும் போட்டிகளும் உண்டு. இறுதிக்கு வந்த இருவருக்கும் இடம் என்றால் கணக்கு மாறும். அறிவிப்பில் டெக் ஃபார்மட்டை (எந்தக் கார்டுகளை வைத்து ஆடலாம் என்ற வகையை) பார்ப்பதற்கு முன் அழைப்பு எத்தனை என்று பாருங்கள்.

அடுத்தது டிரா. புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா 1, தோற்றால் 0. கடைசி ரவுண்டில் இருவர் கைகுலுக்கி ஆடாமலே டிரா என்று எழுதிக் கொடுப்பது விதிப்படி சரி. அதே 64 பேர் போட்டியில் ஐந்து ரவுண்டு முடிந்த நிலையைப் பாருங்கள். டிரா எதுவும் இல்லையென்றால் ஐந்தும் ஜெயித்தவர்கள் 2 பேர், நாலு ஜெயித்தவர்கள் 10 பேர், மூன்று ஜெயித்தவர்கள் 20 பேர். உச்சியில் இருக்கும் இருவரும் டிரா செய்து 16 புள்ளியோடு உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களுக்குக் கவலையில்லை. நாலு ஜெயித்த பத்துப் பேர் ஐந்து மேசைகளில் இருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு மேசை மட்டும் டிரா செய்தால், அங்கே இருவருக்கு 13 புள்ளி, மற்ற நாலு மேசைகளில் ஜெயித்த நால்வருக்கு 15. இரண்டும் இரண்டும் நாலும் சரியாக எட்டு. டிரா செய்த இருவரும் உள்ளே. இரண்டு மேசைகள் டிரா செய்தால்? 16-இல் இருவர், 15-இல் மூவர், 13-இல் நால்வர். மொத்தம் ஒன்பது. ஒருவர் அம்போ. ஐந்து மேசைகளும் "எதுக்கு ரிஸ்க்?" என்று டிரா செய்தால் நாலு பேர் வெளியே.

நான் கடைப் போட்டிகளில் ஜட்ஜாக நின்றபோது இதை அப்படியே பார்த்திருக்கிறேன். ஆறாவது ரவுண்டு ஜோடிகளை அறிவித்ததும் நாலாம் மேசைக்காரர்கள் கையைக் குலுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஐந்தாம் மேசையில் ஒருவர் நாற்காலியில் உட்காராமல், சுவரில் ஒட்டிய புள்ளிப் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணி முடித்துவிட்டு, "இல்லைங்க, ஆடிடலாம்" என்பார் எதிராளியிடம். நாக்-அவுட் பட்டியலைப் படிக்கும்போது நாலாம் மேசைக்காரர் ஒருவர் பர்கரும் கையுமாக முழித்துக்கொண்டு நிற்பார்.

அந்த 13 புள்ளிக்காரர்களில் யார் வெளியே என்பதைத் தீர்மானிப்பது டை-பிரேக்கர். முதலில் பார்ப்பது உங்கள் எதிராளிகளின் வெற்றி விகிதம். எவ்வளவு மோசமான எதிராளியாக இருந்தாலும் 33 சதவீதத்துக்குக் கீழே கணக்கில் இறங்காது. இதனால் எந்த ரவுண்டில் தோற்றீர்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது. முதல் ரவுண்டிலேயே தோற்றால், ஸ்விஸ் முறை உங்களைத் தோற்றவர்களோடு ஜோடி சேர்க்கும். அவர்கள் மேலும் தோற்பார்கள், உங்கள் டை-பிரேக்கர் தேயும். நாலாவது ரவுண்டில் முதல் தோல்வி வாங்கியவர் அதுவரை ஜெயித்தவர்களோடே ஆடியிருப்பார், அவர் டை-பிரேக்கர் பெரும்பாலும் உங்களுடையதற்கு மேலேதான் இருக்கும். ஆகவே முதல் ரவுண்டில் தோற்றிருந்தால் கடைசியில் டிராவை நினைக்காதீர்கள், ஆடுங்கள். டை-பிரேக்கர் நன்றாக இருந்து டிரா செய்ய முடிந்தாலும் ஒன்றை யோசியுங்கள். நாக்-அவுட்டில் யார் முதலில் ஆடுவது என்பதை ஸ்விஸ் பட்டியலில் மேலே இருப்பவர்தான் முடிவு செய்வார். வேகமான டெக் வைத்திருப்பவருக்கு முதலில் ஆடும் அந்த உரிமை சும்மா விட்டுக்கொடுக்கிற விஷயம் இல்லை.

இந்தக் கைகுலுக்கலில் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் கதை முடிந்தது. "நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்று சொல்லலாம். "நீங்க விட்டுக்கொடுத்தா பரிசுல பாதி தர்றேன்" என்று சொன்னால் அது லஞ்சம். நேரம் முடிந்து ஆட்டம் முடிவாகாமல் நிற்கும்போது, "சரி, டைஸ் உருட்டிப் பார்த்துடலாமா?" என்று விளையாட்டாகக் கேட்பதுகூடக் குற்றம். பல ஆண்டுகள் இதற்கெல்லாம் நேரடி வெளியேற்றம்தான் தண்டனையாக இருந்தது. நம்மூரில் கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இது அநியாயமாகப் படும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லையே என்று கேட்பார்கள். கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் விதிப்படி அது குற்றம்தான். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, அது இந்தத் தகுதிப் போட்டிகளில் அடிக்கடி பயன்படும். நாக்-அவுட்டின் இறுதி ஆட்டத்தில் இருக்கும் இருவர், பரிசை எப்படிப் பிரிப்பது என்று பேசிக்கொள்ளலாம், ஆனால் ஒருவர் போட்டியிலிருந்து விலக வேண்டும். ஒருவருக்கு ரீஜனல் அழைப்பு வேண்டும், மற்றவருக்கு அந்த வார இறுதியில் அக்கா கல்யாணம், அவருக்குப் பரிசாக வரும் கார்டுப் பெட்டி போதும் என்றால் இருவருக்கும் லாபம். அப்படியானாலும் வாயைத் திறப்பதற்கு முன் ஜட்ஜைக் கூப்பிட்டு, "இந்த நிலையில் என்னென்ன பேசலாம்?" என்று கேட்டுவிடுங்கள். அதைக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

டெக்கைப் பற்றிக் கேட்டீர்கள். குறைந்தது 60 கார்டு, பக்கவாட்டில் 15 வரை சைட்போர்டு (கேம்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் கார்டுகள்), அடிப்படை நிலம் (basic land) என்ற கார்டுகளைத் தவிர எதிலும் நாலுக்கு மேல் கூடாது. இது உங்களுக்குத் தெரிந்ததே. சென்னை வீட்டு ஆட்டத்துக்கும் அந்தப் போட்டிக்கும் பெரிய வித்தியாசம் எழுத்து வேலையில் இருக்கிறது. டெக் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்த பட்டியலுக்கும் கையில் இருக்கும் டெக்குக்கும் ஒரு கார்டுகூட மாறக்கூடாது. திறமைசாலிகள்கூட விலை உயர்ந்த கார்டெல்லாம் அழகாக எழுதிவிட்டுச் சாதாரண நிலத்தை எழுத மறந்துவிடுவார்கள். 52 கார்டு பட்டியல். தண்டனையாக ஒரு கேம் போச்சு. ராத்திரியே எழுதி, கூட்டிப் பார்த்து, காலையில் டெக்கை மேசையில் பரப்பி அதோடு ஒப்பிடுங்கள். கார்டைப் போட்டு வைக்கும் ஸ்லீவ் (உறை) எல்லாம் புதிதாக, ஒரே மாதிரி இருக்கட்டும். மூலை மடங்கிய ஸ்லீவ் குறிப்பிட்ட கார்டில் மட்டும் இருந்தால், நீங்கள் அடையாளம் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிரிண்ட் எடுத்த கார்டுகளை வைத்து ஆடிய பழக்கம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், அசல் மட்டுமே செல்லும். வாங்க முடியாத கார்டைக் கடன் வாங்கலாம். கடையில் நாலு வாரம் ஒழுங்காகப் போய் நல்ல பிள்ளையாக இருந்தால் யாராவது கொடுப்பார்கள்.

நேரம் இன்னொரு எதிரி. ஒரு ரவுண்டுக்கு 50 நிமிடம், மணி அடித்த பிறகு ஐந்து டர்ன். ஒரு ரவுண்டு என்பது அதிகபட்சம் மூன்று கேம், அது அதற்குள் முடிய வேண்டும். நண்பர்களோடு டீ குடித்துக்கொண்டே ஆடிய வேகம் அங்கே எடுபடாது. மெதுவாக ஆடும் கன்ட்ரோல் டெக் உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால், கடிகாரம் வைத்துப் பழகுங்கள், இல்லையென்றால் வேண்டாத டிராக்களாக வந்து குவியும். ஒன்று ஜெயித்து ஒன்று டிரா என்பது ஒன்று ஜெயித்து ஒன்று தோற்பதைவிட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம். எதிராளி இழுத்தடித்தால் கோபப்படாமல் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு வந்து புலம்பினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த டெக் என்பதற்கு என் பதில் சலிப்பாக இருக்கும்: ஏற்கனவே நன்றாகத் தெரிந்த டெக். தகுதிப் போட்டிகள் ஒரு சீசனுக்கு ஒரு ஃபார்மட் என்று பல வாரம் நடக்கும். முதல் இரண்டு வாரம் எல்லாரும் புது யோசனைகளோடு தடுமாறும்போது, ஒரே டெக்கைப் பிடித்துக்கொண்டு அதன் சைட்போர்டை மட்டும் திருத்திக்கொண்டே வருகிறவருக்குத்தான் சாதகம். வாரம் ஒரு டெக் மாற்றுகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் முதல் வாரத்து ஆளாகவே இருக்கிறார்கள். சீல்டு ஃபார்மட்டில் தகுதிப் போட்டி வந்தால் மட்டும் விடாதீர்கள். ஆறு பாக்கெட்டைப் பிரித்து அங்கேயே 40 கார்டு டெக் கட்டும் போட்டி அது. கார்டு சேகரிப்பு இல்லாத மாணவருக்கு மற்றவர்களோடு சமமாக நிற்க அதைவிட நல்ல களம் கிடையாது.

போய் இறங்கியதும் விசார்ட்ஸ் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள், போட்டிகளுக்கான அவர்களுடைய கம்பேனியன் ஆப் போட்டுக்கொள்ளுங்கள், கடைத் தேடல் பக்கத்தில் தகுதிப் போட்டிகளைத் தேடி வரைபடத்தில் குறியுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் பரிசுப் பணம் வாங்கினால் அதற்கு வரி உண்டா என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முதல் சீசனில் பரீட்சை வாரத்தோடு மோதாத போட்டிகள் நாலைந்து கிடைத்தாலே அதிகம். அவற்றில் கூட்டம் குறைவாக இருக்கக்கூடியதை முதலில் எடுங்கள், உங்கள் ஊர்ப் பெரிய கடையைக் கடைசியில் வையுங்கள்.